குதிகாலின் இருபத்திரண்டு படங்கள்

என் வீட்டுக்காரிக்கு இடது குதிகாலில், உள்வளைவு தொடங்குகிற இடத்தில், ஒரு மச்சம். அறுபது வயது வரைக்கும் அது அங்கே இருப்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தன் குதிகாலை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? பித்தவெடிப்புக்குக் களிம்பு எழுதி வாங்கப் போன இடத்தில்தான் தோல் டாக்டரம்மா அதைப் பார்த்தார்.

"இது எத்தனை நாளா இருக்கும்மா?"

"பொறந்ததுலேருந்து இருக்கும்" என்றேன்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. டாக்டரம்மா விளக்கு வைத்த கண்ணாடி ஒன்றை அழுத்தி வைத்துப் பார்த்தார். இப்போதைக்குச் சாதாரண மச்சம் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் உள்ளங்கால் கெட்ட இடம், விட்டுவிடக் கூடாது என்றார். நிறம் கறுத்தாலோ, ஓரம் கரைந்து பரவினாலோ, ஆறு மில்லிமீட்டரைத் தாண்டினாலோ அன்றைக்கே வர வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். நடுவில் மாதம் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

"வீட்ல யார்கிட்டயாவது நல்ல போன் இருக்கா?"

இவள் சிரித்துவிட்டாள். "இவருக்குப் படம் பிடிக்கிறதுதாங்க தொழிலே. நாப்பத்திமூணு வருசமா ஊர்க்காரங்க மூஞ்சியெல்லாம் பிடிச்சாச்சு. கடைசியில என் காலைப் பிடிக்கணும்னு விதி."

டாக்டரம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மச்சம் மாறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். தோலில் தொடங்கும், நெறி கட்டும் இடத்துக்குப் போகும், அங்கிருந்து ஈரல், நுரையீரல், மூளை. அம்புக்குறி போட்டிருந்தார்கள், பஸ் போகிற வழி மாதிரி.

எங்கள் வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் இவள் குப்புறப் படுப்பாள். கால் வைக்கிற இடத்துக்கும் காமிரா நிற்கிற இடத்துக்கும் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தேன். ஒரே லென்ஸ், ஒரே விளக்கு, ஒரே தூரம். மச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல். அதற்குப் பக்கத்தில் நிறம் சரிபார்க்கிற சாம்பல் அட்டை. எந்த ஆஸ்பத்திரியிலும் இவ்வளவு ஒழுங்காக எடுக்க மாட்டார்கள். எடுப்பதெல்லாம் ரா ஃபைல். அதாவது காமிரா கண்டதைச் சமைக்காமல் பச்சையாக வைத்திருக்கிற ஃபைல். அதைச் சமைத்துப் படமாக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். சமைக்கிற கை மாறினால் ருசி மாறும். ஆனால் பச்சையாக இருக்கிற ஃபைல் எத்தனை வருடமானாலும் கெடாது, மாறாது.

ஆறாம் மாதம் டாக்டரம்மாவிடம் போனோம். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "அப்படியேதான் இருக்கு" என்றார். அதைத்தான் என் படமும் சொன்னது. அதற்கு அரை நாள் வரிசை, ஒரு சீட்டு, பெயரைத் தப்பாகக் கூப்பிடுகிற ஒரு பெண். பன்னிரண்டாம் மாதம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்; அதற்குப் பிறகு போகவே இல்லை. கடை வைத்திருப்பவன் மறுபடி வாங்க என்று சொல்லத்தான் செய்வான். நானும்தான் சொல்கிறேன்.

பதினாலாம் மாதமோ என்னவோ, இவள் குளித்துவிட்டு வந்து காலைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் சொரசொரன்னு இருக்குங்க. துண்டு மாட்டுது" என்றாள். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதல் மாதப் படம் இந்தப் பக்கம், அந்த மாதப் படம் அந்தப் பக்கம். இளம்பழுப்பாக இரண்டு புள்ளிகள், அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி.

"பாரு. படத்துல ஒண்ணுமில்ல."

"நீங்க சொன்னா சரி" என்று போய்விட்டாள்.

இருபத்திரண்டாம் மாதப் படத்தை எடுத்து ஒரு வாரத்தில் என் கம்ப்யூட்டர் செத்தது. புகை வந்தது. படங்கள் தனி டிஸ்க்கில் இருந்ததால் பிழைத்தன. மாசம் பிறந்ததும் மாப்பிள்ளைதான் புதிதாக ஒன்று கொண்டுவந்து வைத்தார். அவர் ஒரு அச்சகத்தில் நிறம் பார்க்கிற வேலை செய்கிறவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் இலவசம் என்றால் நம்பிவிடுவார்; அதனால் நான் அவரை முழுதாக நம்புவதில்லை. பதினாலு வருடமாக நான் பழகிய சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. கம்பெனியே அதைக் கைவிட்டுவிட்டதாம்.

"கிழவன் போய்ச் சேந்துட்டான் மாமா. வேற பாத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. பழைய சாஃப்ட்வேருக்குக் கிழவன் என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

இரண்டைப் போட்டுக் காட்டினார். ஒன்று மாதா மாதம் கட்ட வேண்டியது, கட்டாவிட்டால் பூட்டிக்கொள்ளும். அதற்கு வாடகை என்று பெயர் வைத்தேன். மற்றது யாரோ நாலு பேர் வேலை இல்லாமல் உட்கார்ந்து எழுதி ஊருக்கே சும்மா கொடுத்தது. அது ஓசி.

"சும்மா குடுக்கறவன் என்னத்தை எடுத்துக்கறான்னு பாத்தீங்களா?"

"ஒண்ணும் எடுத்துக்கல மாமா."

"அதான் பயமா இருக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னதுதான். அன்றைக்கு அதோடு சிரிப்பு தீர்ந்தது.

முதலில் அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு முகத்தைத் திறந்து பார்த்தேன். ஓசி, வாடகை இரண்டுமே அந்த ஆளைக் கரி பூசியது போலக் காட்டின. கண்ணுக்குக் கீழே வளையம், மூக்கோரம் துவாரம், தாடைப் பரு. என் கடைக்கு வருகிற யாருக்கும் இவ்வளவு அசிங்கமான முகம் கிடையாது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். தொடக்கத்தில் மொட்டையாகத்தான் காட்டும், நாம்தான் திருத்திக்கொள்ள வேண்டும் என்றார்.

"முகத்தை வச்சு ஒப்பிட முடியாது மாமா. நெசமான நிறம் எதுன்னு தெரிஞ்ச ஒரு படம் குடுங்க."

அப்படி ஒரு படம் என்னிடம் இருந்தது. சாம்பல் அட்டையும் ஸ்கேலும் வைத்து எடுத்தது. குதிகால், இருபத்திரண்டாம் மாதம். வரி வரியாக எனக்கு மனப்பாடம் ஆன படம்.

ஓசியில் திறந்தார். ஃபைல் மெதுவாகத் தெளிந்தது. முதலில் தோல், பிறகு ஸ்கேலின் கோடுகள், பிறகு மச்சம்.

அது என் வீட்டுக்காரியின் மச்சம் இல்லை.

கறுப்பு. நடுவில் சுத்தக் கறுப்பு, ஒரு ஓரத்தில் நீலம் பாய்ந்த கறுப்பு. வட்டமும் இல்லை. உறிஞ்சுகிற காகிதத்தில் மைத்துளி விழுந்து ஊறியது போல, தோலின் ரேகைகள் வழியாகப் பழுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"வேற ஆள் காலைத் திறந்துட்டீங்க" என்றேன்.

மாப்பிள்ளை ஃபைல் எண்ணைக் காட்டினார். தேதியைக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

"இது பொய் சொல்லுது. வாடகையில போடுங்க."

வாடகையில் கறுப்பு கொஞ்சம் மென்மையாக இருந்தது. ஆனால் கறுப்பு கறுப்புதான். ஓரமும் அப்படியே ஓடியது.

மேசைக்கு மேலே, பழைய சாஃப்ட்வேரில் போட்டு எடுத்த இரண்டு பிரிண்ட்டுகளை ஊசி குத்தி வைத்திருந்தேன். ஒன்று முதல் மாதம், ஒன்று இந்த இருபத்திரண்டாம் மாதம். இரண்டிலும் இளம்பழுப்பு, இரண்டிலும் ஐந்து மில்லிமீட்டர். மாப்பிள்ளை திரையில் ஸ்கேலின் கோடுகளை எண்ணினார். உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"எவ்வளவு?"

"ஒம்போது."

"போன மாசம் நான் அளந்தப்ப அஞ்சு."

"அதே படம்தான் மாமா. இதுல ஒம்போது."

ஒரே ஃபைலில் ஒரு மச்சம் ஐந்தாகவும் ஒன்பதாகவும் எப்படி இருக்கும்? இரண்டில் ஒருவன் திருடன். எனக்குச் சந்தேகம் முழுக்கப் புதியவர்கள் மேல்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆட்களை அரள வைத்துத்தானே இப்போது எல்லாரும் விற்கிறார்கள்.

"சாம்பல் அட்டையை வச்சு நிறத்தைச் சரி பண்ணுங்க" என்றேன். பண்ணினார். அட்டை ஓசியிலும் வாடகையிலும் ஒன்றுபோல வந்தது. மச்சம் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அச்சகத்தில் தாள் வீணாகிப்போனால் முதலாளியைப் பார்க்கிற பார்வையாக இருக்கும்.

என் சட்டையிலிருந்து பழுப்பு நிறப் பட்டன் ஒன்றை அறுத்தேன். மேசையில் வைத்து, அதே லென்ஸில், அதே விளக்கில், ஸ்கேலோடு படம் எடுத்து ஓசியில் திறக்கச் சொன்னேன். பட்டனைத் திரை மேலேயே வைத்துப் பார்த்தேன். பட்டன் பட்டனாகவே இருந்தது. ஒரு துளி கறுப்பு கூடவில்லை. அளவு பதினொன்று, கையில் அளந்தாலும் பதினொன்று.

அப்போதுதான் பயம் உள்ளே இறங்கி உட்கார்ந்தது. அது வரைக்கும் கோபத்தில் நின்றுகொண்டிருந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். "தாத்தா, ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் வேணும், அவசரம்."

"இன்னைக்கு இல்ல."

"உள்ள லைட் எரியுதே?"

"எரியட்டும், போ."

கதவைத் தாழிட்டேன். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை ஃபோல்டருக்குள் எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ரா ஃபைலுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி ஃபைல் இருந்தது. நான் அதைக் குப்பை என்று நினைத்திருந்தேன். கிழவன் எழுதி வைத்த குறிப்பாம் அது. படத்தை எப்படிச் சமைத்தான் என்று வரி வரியாக அதில் இருக்குமாம். ஓசிக்கும் வாடகைக்கும் அந்தக் குறிப்பு புரியாது, அதனால் அவை படத்தை மொட்டையாகவே திறக்கின்றன.

குறிப்பைத் திறந்து படித்தார். "பழுப்பு நிறம், வெளுப்பு கூட்டு, நாப்பது. கறுப்பு, முப்பது குறை. தோல் சொரசொரப்பு, பாதியா குறை. திட்டு ஓரம், கரை." பிறகு மெதுவாக, "மேல ஒரு பேரு போட்டிருக்கு மாமா. பவுடர்னு."

அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். கிழவனை வாங்கிய இரண்டாம் வருடம். பெண் பார்க்க அனுப்புகிற படத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டுப் பாடினார்கள். கொஞ்சம் வெளுப்பா வரணும், பரு தெரியக் கூடாது, மச்சம் அழுத்தமா வேண்டாம். ஒவ்வொரு முகமாகத் திருத்தி அலுத்துப்போய் ஒரு செட்டிங் செய்தேன். பழுப்புத் திட்டுகளைத் தேடிப் பிடித்து, தோல் நிறத்தோடு சேர்த்து, ஓரத்தைக் கரைக்கும். பிறகு ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டேன்: எந்த ஃபைல் உள்ளே வந்தாலும் பவுடர் போட்டே வரட்டும். அந்த டிக்கைப் போட்ட நாளோடு அதை மறந்துவிட்டேன். ஊரே என் கடையில் பவுடர் போட்டுக்கொண்டுதான் வெளியே போனது. யாரும் குறை சொல்லவில்லை. பிறகு ஏன் எனக்கு ஞாபகம் வரப்போகிறது?

இருபத்திரண்டு மாதமாக நான் என் வீட்டுக்காரியின் குதிகாலுக்கும் பவுடர் போட்டிருக்கிறேன். மச்சம் பரவினால் பரவிய இடத்தை வெளுத்திருக்கிறேன். ஓரம் ஓடினால் ஓடிய ஓரத்தைக் கரைத்திருக்கிறேன். டாக்டரம்மா எதையெல்லாம் பார்க்கச் சொன்னாரோ, அதை மட்டும் பொறுக்கி எடுத்து அழித்திருக்கிறேன். காமிராவில் கண் வைக்கிறபோது நேராகவும் பார்த்தேன்தான். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிற கண் போன மாதத்தை எங்கே ஞாபகம் வைத்திருக்கிறது? அதற்குத்தானே படம் என்று இருந்துவிட்டேன்.

"முதல்லேருந்து எல்லாத்தையும் திறந்து பாத்துடலாமா?" என்றார் மாப்பிள்ளை. "எப்பலேருந்து மாறியிருக்குன்னு டாக்டர் கேப்பாங்க."

"நான் திறக்கறேன். நீங்க தள்ளி உக்காருங்க."

ஓசியில், எதையும் தொடாமல், ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றாம் மாதம்: பழுப்பு, வட்டம், ஐந்து. இரண்டு, மூன்று, நான்கு அப்படியே. ஒவ்வொரு ஃபைலும் தெளிகிற வரைக்கும் மூச்சு விடவில்லை. தெளிந்ததும் விட்டேன். ஏழு, எட்டு, ஒன்பது. அப்படியே. ஒருவேளை போன மாதம்தான் மாறியிருக்கும் என்று ஒரு நப்பாசை வந்தது. போன மாதம்தான் என்றால் நான் பிழைத்தேன். அவள் பிழைத்தாளா என்று கூட அந்த நேரம் தோன்றவில்லை. நான் பிழைத்தேன் என்றுதான் தோன்றியது. எழுதவே கூசுகிறது.

பன்னிரண்டில் ஒரு ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. தூசியோ என்று திரையைத் துடைத்தேன். போகவில்லை.

பன்னிரண்டு. நான் டாக்டரிடம் போக வேண்டாம் என்று சொன்ன மாதம்.

பதினாலில் கோடு இரண்டாகியிருந்தது. துண்டு மாட்டுது என்று அவள் சொன்ன மாதம். பதினாறில் நடுப்பகுதி கறுக்கத் தொடங்கியது. பதினெட்டிலிருந்து மெதுவாக நடந்தது ஓடத் தொடங்கிவிட்டது. இருபதில் நீலம். நான் எழுந்து பின்திரைத் துணி தொங்குகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இதை முன்னாடியே பாத்திருந்தா மாமா" என்று மாப்பிள்ளை தொடங்கினார். அப்புறம் நிறுத்திக்கொண்டு வேறு சொன்னார். "அத்தைகிட்ட மச்சம் மாறிடுச்சுன்னு மட்டும் சொல்லுவோம். பவுடரைப் பத்தி ஏன் சொல்லணும்? அவங்க பயந்துக்கிட்டு இருக்கறப்ப உங்க மேல கோபமும் எதுக்கு?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. நான் அவரை மெச்சவும் செய்தேன்.

இவள் பின்னறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். இஸ்திரிப் பெட்டியைத் தலையணை உறையின் நாலு மூலைக்கும் கொண்டுபோய்க் கொண்டுபோய் அழுத்தினாள். இடது காலை முழுக்க ஊன்றாமல் கொஞ்சம் தூக்கியே நிற்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"என்ன, மாமனும் மருமகனும் கதவைச் சாத்திக்கிட்டுக் கள்ள நோட்டு அடிக்கறீங்களா? தட்டுன ஆளைத் துரத்துறீங்க."

"நாளைக்குத் தோல் டாக்டர்கிட்ட போலாம்."

"யாருக்கு?"

"உனக்குத்தான். மச்சம் கொஞ்சம் மாறியிருக்கு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "போன மாசம் ஒண்ணுமில்லைன்னீங்களே."

மாப்பிள்ளை என் பின்னால் தொண்டையைச் செருமினார். புது சாஃப்ட்வேர் கொஞ்சம் தெளிவாகக் காட்டுகிறது என்று சொல்லலாம். பொய்யும் இல்லை.

"ஒரு மாசத்துல மாறிடுச்சா?" என்று மறுபடி கேட்டாள். "ஒரு மாசத்துல அவ்வளவு மாறுச்சுன்னா ரொம்பக் கெட்டதா இருக்கணுமே?"

அவள் முகம் வெளிறுவதைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் பயத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சொன்னேன். கிழவன், ஓசி, குட்டி ஃபைல், டிக், பவுடர், பன்னிரண்டாம் மாதம், பத்து மாதம். எல்லாவற்றையும் மூக்கணாங்கயிறு அறுந்த மாடு மாதிரி ஒரே ஓட்டத்தில் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல எனக்கு ஒரு பவுடர் டப்பா வாங்கிக் குடுத்ததில்ல நீங்க" என்றாள். "குடுத்ததே குடுத்தீங்க, அதைக் காலுக்கா குடுக்கணும்?"

மாப்பிள்ளை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, இடது காலை மடியில் தூக்கி வைத்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க முயன்றாள். முட்டி மடங்கவில்லை. நான் பிடித்துவிடப் போனேன்.

"தொடாதீங்க." பிறகு மாப்பிள்ளையிடம், "அந்தப் படத்தை எனக்குக் காட்டுங்க. இவரைக் கேக்கல, உங்களைக் கேக்கறேன்" என்றாள்.

ஸ்டூடியோவில் அவளை உட்கார வைத்து ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரைக்கும் காட்டினார். நான் நின்றுகொண்டிருந்தேன். கடைசிப் படம் வந்ததும், திரையில் இருந்த கறுப்பின் மேல் ஆட்காட்டி விரலை வைத்து மறைத்துப் பார்த்தாள். விரல் நுனி முழுசாக மறைக்கவில்லை.

"காலை எடுத்துருவாங்களா?" என்றாள். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா நான் கொண்டுபோன பிரிண்ட்டுகளைத் தொடக்கூட இல்லை. காலைத் தூக்கச் சொல்லி அந்தக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். "இன்னைக்கே வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். எந்த ஆஸ்பத்திரியில் இன்னைக்கே என்று சொல்லியிருக்கிறார்கள்? ஊசி போட்டு மரக்க வைத்து எடுத்தார்கள். ஒரு சின்ன புட்டியில் போட்டு மூடியில் அவள் பெயரை எழுதினார்கள். நான் எட்டிப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவு கூட இருக்காது. இதற்கா ஈரலுக்கும் மூளைக்கும் வழி தெரியும்?

ரிப்போர்ட் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வீட்டுக்குள் அவள் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் உரசலாக. சத்தம் நின்றால் எழுந்து போய்ப் பார்ப்பேன். "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். பிறகு அந்த வார்த்தையே வாயில் வரப் பயந்தது. அத்தனை மாதமும் அவளிடம் நான் சொன்னது அதைத்தானே.

வந்த முகங்களையெல்லாம் ஓசியில்தான் போட்டேன். செட்டிங் எதுவும் வைக்கவில்லை. ஒரு இளைஞன் படத்தைப் பார்த்து, "என்ன தாத்தா, என்னைய இப்படிக் கறுப்படிச்சிட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தான். அவன் கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. அது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். படத்தை வாங்காமலே போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட்டை டாக்டரம்மா மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டார். கெட்டதுதான். ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர். சுற்றி இன்னும் கொஞ்சம் சதை எடுக்க வேண்டும். கால் போகாது. ஆனால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிற இடத்தில் இரண்டு முடிச்சு எடுத்து, அங்கே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"பத்து மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்றேன். கேட்கக் கூடாது என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "ஆழம் குறைவா இருந்திருக்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றாள் இவள், என்னைப் பார்க்காமல். "எப்ப ஆபரேஷன், எத்தனை நாள் படுக்கணும், அதைச் சொல்லுங்க டாக்டர்." ரிப்போர்ட்டை நான் எடுக்கக் கை நீட்டினேன். அவள் எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து எல்லாத் தாளும் அந்தப் பையில்தான் இருக்கிறது. மாத்திரை எத்தனை மணிக்கு என்று கூட அவள்தான் பார்த்துப் போட்டுக்கொள்கிறாள். நான் கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் ஆகி பன்னிரண்டாம் நாள், மதியம். அவள் ஸ்டூடியோவிலேயே, வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். வெளியே தெரு தெரிகிற இடம் அது ஒன்றுதான் என்பாள். நான் வெட்டுகிற பலகையில் பாஸ்போர்ட் படங்களை நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மடியில் இருந்த போன் அடித்தது, ஆஸ்பத்திரியிலிருந்து. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"சொல்லுங்க... ஆமா, நான்தான் பேசறேன். அவர்கிட்ட வேண்டாம், என்கிட்டயே சொல்லுங்க." கேட்டாள். "ம்... ம்..." தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ரெண்டு எடுத்தீங்கல்ல? ரெண்டுலயுமா?"

ரெண்டுலயுமா. அந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் இருக்கலாம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வருடம் முகம் பார்த்தே பிழைத்தவன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சரிங்க. திங்கக்கிழமை. சரி." வைத்தாள்.

அவள் போனைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, அது முழுக்க மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணுல இல்லையாம்" என்றாள். "இன்னொண்ணுல துளி இருக்காம். மருந்து ஏத்தணுமாம், ஒரு வருசம். பயப்படாதீங்கன்னு சொல்றாங்க."

"நீ பயப்படறியா?"

"பின்ன?" என்றாள். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நகர்த்தி வைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை நீங்களும் வாங்க. தனியா அந்த வரிசையில உக்கார என்னால முடியாது. ஆனா உள்ள போனா நான்தான் பேசுவேன். நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"சரி" என்றேன்.